கலப்பை நட்சத்திரங்கள் ஒன்றுபோல் இல்லாதது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சோவியத் ரஷ்யாவின் படையான செஞ்சேனையினர் அணிந்த கலப்பை–சுத்தியல் நட்சத்திரச் சின்னங்களை எங்களிடம் வாங்கியவர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இரண்டும் ஒன்றுபோல் இல்லையே, இதில் எது போலி?"

இரண்டுமே அசலாக இருக்கலாம். இந்தச் சின்னத்தை நிர்ணயித்த ஆணை 1918 மே மாதம் வந்தது. உள்நாட்டுப் போர் மூண்ட நேரம் அது. எல்லாவற்றையும் ஒரே அச்சில் அடித்துத் தர ஒரு பெரிய ஆலை இருக்கவில்லை. பெட்ரோகிராடிலும் மாஸ்கோவிலும் இருந்த தனியார் பட்டறைகள், கைவினைஞர் கூட்டுறவுகள், சில இடங்களில் படைப்பிரிவுகளின் சொந்தப் பட்டறைகள் என்று ஆளுக்கொரு பக்கம் செய்தார்கள். எடுவார்ட், குச்கின் போன்ற பட்டறைகள் ஜார் காலத்தில் ரெஜிமென்ட் பேட்ஜ்களுக்குப் பேர்போனவை. அத்தகைய இடங்களில் தொழில் பழகிய கைகள்தாம் புதிய அரசுக்கும் சின்னம் செய்தன. அச்சுக்கு அச்சு கலப்பையின் வளைவு மாறும், நட்சத்திர முனைகளின் புடைப்பும் மாறும். பல நட்சத்திரங்களில் செய்தவரின் முத்திரையே இராது. பெயர் தெரியாத அந்தக் கைவினைஞர்களின் வேறுபாடுகளுக்காகத்தான் நாங்கள் இவற்றைத் தேடித் தேடி வாங்குகிறோம்.

1922 ஏப்ரலில் கலப்பை போய் அரிவாள் வந்தது. நான்கே ஆண்டுகள் புழங்கிய சின்னம் என்பதால்தான் இந்த விலை. போலிகள் பெருகியதும் அதனால்தான்.

நட்சத்திரத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். தகட்டை அச்சில் அடித்திருந்தால் முன்பக்கப் புடைப்பு பின்னால் குழிவாகத் தெரியும். சுத்தியலின் விளிம்பும் கூர்மையாக இருக்கும். அசலை மாதிரியாக வைத்து வார்த்த போலியில் விளிம்புகள் மழுங்கியிருக்கும். லென்ஸில் பார்த்தால் ஊசி முனை அளவில் துளைகள் தெரியும். துணியில் பொருத்துவதற்கான கம்பிக் கால்களைப் பற்றவைத்த இடத்தையும் கவனியுங்கள். நூறாண்டு கடந்த ஈயம் பளபளக்காது. கால் மட்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருந்தால் விலைச்சீட்டிலேயே குறிப்பிடுகிறோம். எங்கள் அனுபவத்தில், கீறல் ஒன்றுகூட இல்லாமல் ஒரே மாதிரி பத்து நட்சத்திரங்கள் ஒன்றாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். பித்தளைதானே என்று புளி போட்டுத் துலக்காதீர்கள். இவற்றில் பலவற்றின் சிவப்பு, சூளையில் சுட்ட கண்ணாடி எனாமல் அல்ல. மேலே பூசிய வண்ணம்தான். புளியும் எலுமிச்சையும் உலோகத்தை அரித்து, வெடித்திருக்கும் வண்ணத்தையும் உரித்துவிடும். உரிந்த இடத்தில் புதுச் சிவப்பு பூசித் தரும்படி கேட்பவர்களுக்கு நாங்கள் மறுப்பதும் அந்தப் பழைய வண்ணத்தைக் காப்பாற்றத்தான். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பி.வி.சி. உறைகளில் வைக்க வேண்டாம். பச்சைக் களிம்பு பிடிக்கும். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள்.

ஐயம் இருந்தால் நட்சத்திரத்தைக் கடைக்கே கொண்டு வாருங்கள். லென்ஸில் சேர்ந்தே பார்க்கலாம். எங்களிடம் வாங்கியது வார்ப்பு என்று தெரிந்தால், எத்தனை ஆண்டு கழித்தானாலும் பணத்தைத் திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடையினர்