எபு வேல்காரங்க நன்றி கெட்டவங்களா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த ஐரோப்பிய யூனியன் நிதி பத்தின கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா பிரிட்டன்ல இருக்கிற வேல்ஸ்காரங்க யூனியன் காசையும் வாங்கிட்டு யூனியன விட்டு வெளியேறணும்னு ஓட்டும் போட்டாங்கன்னு போற போக்குல நக்கலடிச்சது தான் மனசுக்கு ஒப்பல. நான் வேல்ஸ் தலைநகர் கார்டிஃப்ல ஆறு வருஷம் வேலை பாத்தவ, அப்படி யூனியன் காசு வாங்கின எபு வேல்ங்கிற ஊருக்கு மூணு தடவை போயிருக்கேன், கார்டிஃப்ல இருந்து ட்ரெயின்ல ஒரு மணி நேரம்.

ஸ்டீல் ஆலைய நம்பியே இருந்த ஊர் அது, 2002ல ஆலைய மூடிட்டாங்க. அப்புறம் யூனியன் காசு வந்துச்சு, இல்லேங்கல. மேல பள்ளத்தாக்கு வழியா போற ரோட்ட அகலப்படுத்தினாங்க, 2015ல டவுன் வரைக்கும் ரயில நீட்டினாங்க, எங்க பாத்தாலும் யூனியன் கொடியோட நட்சத்திரம் போட்ட நீல போர்டு. ஆனா அப்பனும் மகனும் ஒரே ஆலைக்கு ஷிஃப்ட்டு போய் சம்பாதிச்ச அந்த சம்பளம் திரும்ப வரவே இல்ல. காலைல ட்ரெயின் நிறைய ஆளுங்க கார்டிஃபுக்கு தான் போறாங்க, இதுல கூத்து என்னன்னா அவங்க அங்க செய்யற வேலையோட மதிப்பு கார்டிஃப் இருக்கிற கிழக்கு வேல்ஸ் கணக்குல தான் ஏறும், இவங்க ஊர் கணக்குல ஏறாது.

யூனியன் சராசரில 75 சதவீதத்துக்கும் கீழ தலைக்கு உற்பத்தி இருந்தா தான் அந்த பெரிய நிதி கிடைக்கும், மேற்கு வேல்ஸும் இந்த பள்ளத்தாக்குகளும் சேந்த பகுதி 2000, 2007, 2014ன்னு மூணு ரவுண்டுலயும் தகுதி வாங்குச்சு. மூணாவது தடவையும் தகுதின்னா முதல் ரெண்டு தடவை ஃபெயில்னு தானே சார் அர்த்தம்? அப்ப 2016ல எபு வேல் இருக்கிற கவுன்சில் ஏரியால 62 சதவீதம் பேர் வெளியேறணும்னு குத்தினதுல என்ன ஆச்சரியம்.

யூனியன் நிதி வாங்கி முன்னேறின அயர்லாந்த பாருங்கன்னு கட்டுரையாளர் சொல்றாரு. அங்க வந்தது நிதி மட்டுமில்ல, கம்பெனி வரிய கம்மியா வெச்சு அமெரிக்க கம்பெனிகள இழுத்தாங்க. வேல்ஸ் அரசுக்கு அந்த வரில கை வைக்கவே அதிகாரம் கிடையாது.

இன்னொன்னு, யூனியன் நிதிக்கு பதிலா 2022ல லண்டன்ல இருக்கிற பிரிட்டன் அரசு கொண்டுவந்த பகிர்வு நிதிய பத்தி கட்டுரைல ஒரு வரி கூட காணோம். முன்னாடி கார்டிஃப்ல இருக்கிற வேல்ஸ் அரசு பிரிச்சுக் குடுத்துச்சு, அந்த பகிர்வு நிதிய லண்டனே நேரா கவுன்சிலுங்களுக்கு குடுத்துச்சு, அங்க பெரிய சண்டையே அதுல தான் வந்துச்சு. அடுத்த தடவை அத எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி