யார் குரல் என்று எழுதுங்கள்

பழைய சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் இசைவகை), டிஸ்கோ பதிவுகளின் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றை வழங்கும் ஸ்ட்ரீமிங் சேவைகளின் பட்டியல் பிரிவினருக்கும்,

வணக்கம். அமெரிக்கப் பாடகி லொலீட்டா ஹாலோவேயை முன்வைத்து ஒரு கோரிக்கை.

1946இல் சிகாகோவில் பிறந்தவர். 1967 முதல் கேரவன்ஸ் என்ற காஸ்பல் (கிறித்துவப் பக்தி இசை) குழுவில் பாடினார். அங்கிருந்து சோல், அங்கிருந்து சால்சோல் என்ற டிஸ்கோ இசைத்தட்டு நிறுவனத்தின் கிளையான கோல்ட் மைண்ட். 1977இல் அவருடைய ‘ஹிட் அண்ட் ரன்’ பாட்டின் பலதட ஒலிநாடா (குரலும் வாத்தியங்களும் தனித்தனித் தடங்களில் பதிந்த நாடா) ரீமிக்ஸ் செய்யும் டிஜே வால்ட்டர் கிப்பன்ஸ் கைக்குப் போனது. சரணங்களில் பெரும்பகுதியை அவர் வெட்டிவிட்டார். முடிவில் ஹாலோவே மனம்போனபடி பாடிய பகுதியை நீட்டி, பாட்டைப் பத்து நிமிடத்துக்கு மேல் கொண்டுபோனார். சரியான கணிப்பு. எழுதிக் கொடுத்த வரி தீர்ந்த பிறகுதான் ஹாலோவே உண்மையில் பாடவே தொடங்குவார்.

அந்தக் குணமே அவருக்கு வினையானது. டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்த ‘லவ் சென்சேஷன்’ 1980இல் வந்தது. 1989இல் இத்தாலியின் பிளாக் பாக்ஸ் குழு அந்தக் குரலைத் துண்டு துண்டாக எடுத்து ‘ரைட் ஆன் டைம்’ (Ride on Time) செய்தது. பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம்; அந்த ஆண்டு அங்கே மிக அதிகம் விற்ற சிங்கிளும் அதுதான். திரையில் வாயசைத்தது ஒரு பிரெஞ்சு மாடல். ஹாலோவேயின் பெயர் எங்கும் இல்லை. குரலை எடுத்தது பற்றிய சிக்கல் முற்றியதும் ஹீதர் ஸ்மால் என்ற பாடகியை வைத்து மறுபடி பாடவைத்த பதிப்பு வந்தது. ஆகவே ஒரே தலைப்பில் இரு குரல்கள் உலவுகின்றன.

உங்கள் வேலை இங்கேதான். இரண்டையும் காதால் கேட்டுப் பிரியுங்கள். தலைப்பையும் நீளத்தையும் மட்டும் பார்த்து இணைத்தால் தவறும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஐஎஸ்ஆர்சி எண் (ஒலிப்பதிவுகளை அடையாளம் காட்டும் சர்வதேசக் குறியீடு) வேண்டும். அதன் 12 எழுத்து-எண்களில் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கம் எண் வழங்கிய ஆண்டு, பாட்டு பதிவான ஆண்டு அல்ல. ஐஎஸ்ஆர்சி முறைக்கு முந்தைய 1980 பதிவுக்கு அதை வைத்து ஆண்டு போட்டால், மூலமே நகலுக்குப் பிந்தியதாகிவிடும்.

அடுத்து, ‘சாம்பிள்’ (வேறு பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு) என்று பாடலாசிரியர் பகுதியில் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அது ஹார்ட்மனுக்கு உரியது. பாடியவர் பெயர் குரல் கலைஞர் பகுதியில் வர வேண்டும். இது வெறும் மரியாதை விஷயமல்ல. அமெரிக்காவில் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற உரிமத்தொகை வசூல் அமைப்பின் வழியாகப் பிரியும் இணைய வானொலிப் பணத்தில் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45. பின்னணிப் பாடகர், வாத்தியக்காரர் எல்லாருக்கும் சேர்த்தே 5. எந்தப் பகுதியில் பெயர் விழுகிறது என்பதில் அவ்வளவு வித்தியாசம். சாதாரண வானொலியோ அங்கே பாடியவருக்கு எதுவுமே தருவதில்லை.

முடியாத காரியம் ஒன்றையும் கேட்கவில்லை. 1991இல் ராப் பாடகர் மார்க்கி மார்க்கின் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ அதே ‘லவ் சென்சேஷன்’ குரலை எடுத்தது; உறையில் ஹாலோவே பெயர் இருந்தது, காணொளியில் அவரே வந்தார், பாட்டு அமெரிக்காவில் முதலிடமும் பிடித்தது. பாடகி மார்த்தா வாஷுக்கோ, பிளாக் பாக்ஸிலும் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி என்ற நடன இசைக் குழுவிலும் தான் பாடியதை நிலைநாட்ட வழக்கு வேண்டியிருந்தது.

ஹாலோவே 2011இல் காலமானார். திருத்தத்தை ‘ரைட் ஆன் டைம்’ பாட்டின் இரு பதிப்புகளிலிருந்து தொடங்குங்கள்; பிறகு அதிலிருந்து கிளைத்த ரீமிக்ஸ்களுக்கும் தொகுப்புகளுக்கும் போங்கள். தொகுப்புகளில்தான் எந்தப் பதிப்பு என்ற விவரம் எளிதில் தொலையும்.

இப்படிக்கு,
டிஸ்கோ இசைத்தட்டுகளைப் பட்டியலிடுவோர்