ஊஞ்சல் பலகைக்கு ரசீது கேட்டவர்களுக்கு

நாள் வாடகை வீடுகளுக்கு முன்பதிவு செய்து தரும் செயலியின் சேத இழப்பீட்டுப் பிரிவினர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஜூலையில் எங்கள் செங்கோட்டை வீட்டில் தங்கிய விருந்தினர் ஆடி ஊஞ்சல் பலகை உடைந்தது குறித்து நான் அனுப்பிய படங்களும் விவரங்களும் உங்களிடமே இருப்பதால் எல்லாவற்றையும் மறுபடி எழுதவில்லை. என் கோரிக்கை ஒன்றுதான்: பழைய வீட்டின் பொருளுக்கு வாங்கிய ரசீது கேட்காமல், உள்ளூர் ஆசாரி எழுதித் தரும் மதிப்பீட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உடைத்தவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் புறப்படுவது வழக்கம். அப்படி உடம்பெல்லாம் எண்ணெயோடு பெரியவர்கள் இருவரும் ஒரு பிள்ளையும் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடியபோது ஒரு மூலையின் வளையம் பிடுங்கிக்கொண்டு, பலகை தரையில் இடித்து நீளவாக்கில் பிளந்துவிட்டது. செங்காவித் தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு பெயர்ந்திருக்கிறது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. வீட்டைக் காலி செய்யும்போது அந்தக் குடும்பத் தலைவர் தாமாகவே மன்னிப்புக் கேட்டு, சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். செயலிக்கு வெளியே பணம் வாங்கக் கூடாது என்ற உங்கள் விதியை நினைத்து, வேண்டாம் என்று நானேதான் அவர் கையை மடக்கினேன். அன்று விதியை மீறியிருந்தால் இன்று இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

அதன்பின் நீங்கள் கேட்டது, பலகையை வாங்கியதற்கான அசல் ரசீது. என் தாத்தா அந்தத் தேக்குப் பலகையைச் செய்வித்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்த ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ரசீது என்று ஒன்று இருந்திருந்தாலும் அதில் திருவிதாங்கூரின் பழைய நாணயமான சக்கரக் கணக்குதான் இருந்திருக்கும், அதை எந்த விகிதத்தில் ரூபாயாக்கியிருப்பீர்கள் என்று தெரியவில்லை. பிளந்த பலகையைத் தட்டிப் பார்த்த எங்கள் ஆசாரி, இந்த முற்றல் மரம் இனிக் கிடைக்காது, ஒட்டுப் போட்டு இரும்புப் பட்டை அடிக்கலாம் என்று சொல்லி, கூலியும் மரமுமாக 18,500 ரூபாய் என்று நோட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை என்று நிராகரித்துவிட்டீர்கள்.

அடுத்த விருந்தினர் வந்துவிட்டதால் சேதத்தை யார் செய்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது உங்கள் இரண்டாவது பதில். காலை 11 மணிக்கு ஒரு குடும்பம் போய், பகல் 1 மணிக்கு அடுத்த குடும்பம் வரும்படி நேரத்தை வைத்திருப்பதே உங்கள் நாட்காட்டிதான். இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் நான் எடுத்த படங்களில் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொரு முன்பதிவிலும் உங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும்போது மட்டும் இத்தனை சந்தேகம் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. வாசலில் செருப்பு வைக்க இடம் போதவில்லை என்று ஒருவர் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தாரே, அதற்கு அவரிடம் எந்த அத்தாட்சியும் கேட்கவில்லையே! போகட்டும், அது வேறு வழக்கு.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசாரியின் மதிப்பீட்டையும் நேரம் பதிந்த படங்களையும் ஆதாரமாக ஏற்று என் விண்ணப்பத்தை மறுபடி பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பலகை கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது, வெறும் சங்கிலிகள் உத்திரத்தில் தொங்குகின்றன. வேலையைத் தொடங்கலாமா என்று கேட்கும் ஆசாரிக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், உங்கள் முடிவை இந்த வாரத்துக்குள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
செங்கோட்டையில் வீடு வாடகைக்கு விடும் ஒருவன்