உழைப்பு வேறு, ஆயுள் வேறு

ஆசிரியருக்கு,

வணக்கம். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பல் 'டிரிங்கமாலி' பற்றிய கட்டுரையில், தேக்கு மரம் என்பதால் அது 200 ஆண்டு உழைத்தது என்றிருந்தது. உழைப்பு வேறு, ஆயுள் வேறு. பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டி 1817-ல் நீரில் இறக்கிய கப்பல் அது. 1819-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது நெப்போலியன் போர் முடிந்திருந்தது, வேலை இல்லை. பாய்மரங்களையும் பீரங்கிகளையும் இறக்கி, மேலே கூரை போட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் துறைமுகத்திலேயே கட்டிவைத்தார்கள். போர்க்கப்பலாகக் கடலோடியது 1847-50, 1852-57 என இரண்டே தவணை.

கட்டுரை கண்டுகொள்ளாதது அந்தக் கூரையைத்தான். மரக்கப்பலுக்கு எமன் மழைத் தண்ணீர், உப்புத் தண்ணீர் அல்ல. தளப்பலகை இடுக்கில் நீர் புகாமல் அடித்த நார்ப்பூச்சான கலப்பத்து தளர்ந்தால் மழைநீர் கசிந்து, கப்பலின் விலா எலும்பு போன்ற வங்குகளில் இறங்கும். உள்பலகைக்கும் வெளிப்பலகைக்கும் நடுவே காற்றோட்டம் கிடையாது; பூஞ்சை அங்கேதான் பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் கட்டிவைத்த கப்பல்களில் உள்பலகையை ஆங்காங்கே கழற்றிக் காற்று விடுவார்கள். காயாத பச்சை மரம் என்றால் கேட்கவே வேண்டாம். 1810-ல் நீரில் இறங்கிய 'குயின் சார்லட்' போர்க்கப்பல் கடலுக்குப் போகுமுன்பே உளுத்துவிட்டது. நெல்சனின் கப்பலான 'விக்டரி'யின் வங்குகளோ பலகை போர்த்தாமல் மூன்று ஆண்டு காய்ந்தவை.

தேக்குக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஓக் மரத்தின் துவர்ப்பு இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அப்படிச் செய்யாது. ஆனால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவைத் தடுக்க அடிப்புறத்தில் செம்புத் தகடு அடித்தால் எந்த மரமானாலும் தொல்லைதான். கடல்நீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரும்பு கரையும். 1761-ல் 'அலார்ம்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் தகடு அடித்து, இரண்டே ஆண்டில் பிரித்துப் பார்த்தபோது ஆணிகள் பல இடத்தில் கரைந்திருந்தன. தகடு சுற்றிவந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் நடுவே ஒட்டிக்கிடந்த இடங்களில் மட்டும் நன்றாக இருந்தன. 1780-களில் செம்புக் கலவை ஆணிகள் வந்த பிறகே இது தீர்ந்தது.

இன்னொன்று. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் 'டிரிங்கமாலி' இன்றும் நீரில் மிதக்கிறது. 'விக்டரி' மிதக்கவில்லை, 1922 முதல் நீர் வடித்த உலர்துறையில் நிற்கிறது. கடல் சீராகத் தாங்கிய எடை முழுதும் அடிமரமான ஏராவின்மேலும் சில முட்டுகளின்மேலும் விழுந்ததால் உடல் தொய்ந்தது. அண்மையில் புதிதாக 134 எஃகு முட்டுகள் கொடுத்ததற்குக் காரணம் அதுவே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்