தோற்பதற்கும் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு தந்தை எழுதிய கடிதத்தைப் படித்தேன். மகன் இரவெல்லாம் இணைய விளையாட்டில் உட்கார்ந்து யாரையோ மிரட்டுகிறான், "காசை எடுத்து வை" என்று கத்துகிறான், இது அவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்டிருந்தார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் காதில் விழுந்தது பாதிப் பேச்சுதான். மறுமுனையில் இருந்தவர் என்ன பதில் சொன்னார் என்பது மகனின் ஹெட்ஃபோனுக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த மறுமுனையில் மூன்று வருஷமாக இருப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற குற்ற உலக வீடியோ விளையாட்டின் ஆர்பி செர்வர் ஒன்றில் நுழைவேன். ஆர்பி என்றால் பாத்திரமேற்று ஆடுவது. அங்கே புள்ளி சேர்க்கும் வேலை கிடையாது. ஒவ்வொருவரும் ஓர் ஆளாக மாறி, அந்த ஆளின் குரலிலேயே பேசி நடமாட வேண்டும். ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று பல ஊர்த் தமிழர்கள் சேர்ந்து ஒரு நகரத்தையே நடத்துகிறோம். அந்த நகரத்தில் எனக்கு ஒரு கார் பட்டறை இருந்தது. போன வருஷம் அது எரிந்துபோனது. எரித்தது ஓர் ஆலோங் கும்பல், அதாவது கந்துவட்டிக்காரர்கள்.

என் பாத்திரமான பட்டறைக்காரி அவர்களிடம் கடன் வாங்கியிருந்தாள், வட்டி கட்டவில்லை. ஒரு ராத்திரி நாலு பேர் வந்து ஷட்டரை இறக்கினார்கள். என் கையில் துப்பாக்கி இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டு பேராவது விழுந்திருப்பார்கள். ஆனால் நாலு துப்பாக்கி தன்னைக் குறிபார்க்கும்போது ஒரு பட்டறைக்காரி அப்படிச் செய்வாளா? உயிருக்குப் பயப்படுகிறவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படித்தான் நடக்க வேண்டும் என்பது எங்கள் செர்வரில் எழுதிவைத்த விதி. நான் கெஞ்சினேன். அம்மாவின் தாலியைக்கூட அடகு வைத்துவிட்டேன் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். கும்பல் தலைவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம், "அந்தத் தாலி எந்தக் கடையில இருக்கு?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியோடு கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அடுத்த இரண்டு மாதம் அந்தத் தாலியைச் சுற்றியே போலீஸ், வக்கீல், அடகுக்கடைக்காரர் என்று பதினைந்து பேருக்கு வேலை இருந்தது. நான் தனியாக உட்கார்ந்து எவ்வளவு யோசித்திருந்தாலும் இப்படி ஒன்று தோன்றியிருக்காது. என் எதிரிதான் அதை எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தலைவனாக ஆடுபவர் நிஜத்தில் ஓர் ஆசிரியர். மறுநாள் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் எனக்கு எழுதியிருந்தார்: "அக்கா, நேத்து ரொம்ப அதிகமா போயிட்டேனா? பட்டறைய எரிக்கலாம்னு நெனைக்கிறோம். உங்களுக்குச் சம்மதமா?" நாலு மாத உழைப்பு அந்தப் பட்டறை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் சரி என்றேன். எரிந்த அன்று கண் கலங்கியது உண்மை. இன்றுவரை எங்கள் செர்வரில் அதிகம் பேசப்படுவதும் அந்த ராத்திரிதான்.

என் தாத்தா சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காமன் பண்டிகையில் லாவணி பாடுவார். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி, விடிய விடிய ஒருவரை ஒருவர் மடக்கிப் பாடுவார்கள். தாத்தா எரியாத கட்சி. எரிந்த கட்சிக்காரர் பக்கத்து லயத்தில்தான் குடியிருந்தார். "எதிராளி பிடிச்சுக்க ஒரு நுனிய விட்டுத்தான் பாட்ட முடிக்கணும். அவன் வாய அடைச்சிட்டா அப்புறம் யார் கூடப் பாடுவ?" என்று தாத்தா சொல்வார். ஆர்பி பற்றி இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கணினி விளையாட்டில் எதிராளி என்பது இன்று வந்ததல்ல. இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் 1978-இல் தொடங்கிய 'மட்' என்ற, பலர் சேர்ந்து ஆடும் எழுத்து வழி விளையாட்டிலேயே ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் கொல்ல முடியும். 2014 ஜனவரியில் 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டில் ஆட்டக்காரர்களின் ஒரு கூட்டணி, தன் கையிலிருந்த நட்சத்திர மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய தொகை கட்டப்படாமல் போனதால் அதன் உரிமையை இழந்தது. அதைப் பிடிக்க நடந்த போர் ஏறக்குறைய 21 மணி நேரம் நீடித்தது. 7,500-க்கும் அதிகமான ஆட்டக்காரர்கள் கலந்துகொண்டார்கள். டைட்டன் என்னும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. விளையாட்டை நடத்தும் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் பிறகு அந்த இடத்தில் டைட்டன் கப்பல்களின் சிதைவுகளை நிரந்தர நினைவுச்சின்னமாகவே வைத்துவிட்டது. ஒரு பக்கம் தோற்காமல் இருந்திருந்தால் அங்கே பார்க்க எதுவும் இருந்திருக்காது.

எல்லாச் சண்டையும் இப்படி அமைவதில்லை. எங்கள் செர்வரிலேயே ஒரு பையன், இன்னொருவர் தன் ஆட்டத்தைக் காட்டும் நேரலையைப் பார்த்து ரகசியக் கூட்டம் நடக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு, வந்து எல்லோரையும் சுட்டுவிட்டுப் போனான். அவன் பாத்திரத்துக்கு அந்த இடம் தெரியவே தெரியாது. இதை மெட்டா கேமிங் என்போம். மூன்று வாரமாகப் பன்னிரண்டு பேர் பின்னிய கதை மூன்று நிமிஷத்தில் அறுந்தது. அவன் ஜெயித்ததாகத்தான் நினைத்துக்கொண்டான்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. பெண் குரல் கேட்டதும் ஆபாசமாகப் பேசுவது, எதிராளியின் சாதியை இழுப்பது. கேட்டால் "கதைக்காகத்தான் அக்கா" என்று பதில் வரும். அப்படிப் பேசியவனுக்குக் கதையின் மேல் ஒரு துளி அக்கறையும் கிடையாது. 1993-இல் 'லாம்டாமூ' என்ற எழுத்து வழி உலகத்தில், ஒருவன் மற்றவர்களின் பாத்திரங்கள் தாமாகவே அசிங்கமான காரியங்களைச் செய்வதுபோல் எழுத்தில் காட்டினான். திரையில் வந்தது வெறும் எழுத்துதான். ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் கோபமும் கண்ணீரும் நிஜம். அங்கிருந்தவர்கள் கூடி விவாதித்தார்கள். அவன் கணக்கு நீக்கப்பட்டது. அதன் பிறகு அங்கே வாக்கெடுப்பு முறையும் வந்தது. நம் தமிழ் செர்வர்களை நடத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பத்து விதி எழுதுகிறோம். "இந்தக் காட்சி எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் காட்சி அங்கேயே நிற்க வேண்டும் என்று ஒரு விதியையும் எழுதுங்கள்.

கடிதம் எழுதிய தந்தைக்கு: மகனுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் தயங்காமல் நிறுத்துங்கள், ஜிடிஏ பெரியவர்களுக்கான விளையாட்டு. ஆகிவிட்டது என்றால் ஒருநாள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் ஆடச் சொல்லி, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அவன் மிரட்டும்போது எதிரே இருப்பவருக்குப் பேச இடம் விடுகிறானா என்று கவனியுங்கள். ஆட்டம் முடிந்ததும் அவரிடம் நல்லபடியாகப் பேசுகிறானா என்றும் பாருங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை இரவு பட்டறை எரிந்த வழக்கு எங்கள் நகரத்து நீதிமன்றத்துக்கு வருகிறது. கும்பல் தலைவனாக ஆடும் அந்த ஆசிரியர்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். தீர்ப்பு என்னவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. நான் சாட்சி சொல்லத் தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு