காத்துக்கு ஆசைப்பட்டவனும் கடலுக்குள்ள நிண்ட ராசாவும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மச்சான்,

உன்ட கடிதம் வந்து கனநாளாச்சு, இண்டைக்குத்தான் ஆறுதலா இருந்து எழுதுறன். இங்க எல்லாரும் சுகம். அம்மாக்கு முழங்கால் நோ அப்பிடியேதான் கிடக்கு, ஆனாலும் வெள்ளிக்கிழமை எண்டா ஆட்டோ பிடிச்சு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்ட்டுத்தான் வாறா. கச்சான் காத்து தொடங்கிட்டுது, பகல்ல வெளிய தலை காட்டேலாது. நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைய வந்து நிக்கினம். கோட்டை வாசல்ல மானுகள் இப்பவும் அங்கினேக்கதான் படுத்துக் கிடக்குது, பஸ் ஹோன் அடிச்சாலும் எழும்பாதுகள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வாறன். உன்ட பொடியன் எந்த நேரமும் செல்டா எண்ட வீடியோ கேமும் கையுமா இருக்கிறான், ஊர்க்கதை கதைக்க வெளிக்கிட்டா எழும்பி அறைக்குள்ள போறான், நானும் என்ட மகளும் அதைத்தானே விளையாடுறம், அந்தப் பச்சைத் தொப்பிக்காரன் ஆர், அவனில அப்பிடி என்ன கிடக்கு எண்டு எழுதியிருந்தாய். மச்சான், எனக்கு இந்தக் கதையில உண்மையாவே விருப்பம், கேட்டிட்டாய், அதால கொஞ்சம் நீளும், பொறுமையா வாசி.

பச்சைச் சட்டைக்காரன் லிங்க். செல்டா எண்டுறது அவனில்ல, இளவரசி. மூண்டாவது ஆள் கெனன்டோர்ஃப், வில்லன், சில கேம்ல மிருகமா மாறி வருவான், அப்ப கெனன் எண்டு பேர். 1986 பெப்ரவரில ஜப்பான்ல நின்டெண்டோ விட்ட முதல் கேம்ல இருந்து இண்டைக்கு வரைக்கும் அனேகமா இந்த மூண்டு பேரைச் சுத்தித்தான் கதை, நாட்டுக்குப் பேர் ஹைரூல். ஷிகெரு மியமொட்டோவும் தகாஷி தெசுகாவும் சேந்து தொடங்கினது. மியமொட்டோ சின்னனில கியோட்டோக்குக் கிட்ட சொனோபே எண்ட ஊரில மலை, காடு, குகை எண்டு திரிஞ்ச ஆள், அந்தத் திரிச்சலைத்தான் கேமுக்குள்ள வைச்சவர். கன்னியாப் பக்கம் சைக்கிள்ல திரிஞ்ச உனக்கும் எனக்கும் அது விளங்கும். ட்ரைஃபோர்ஸ் எண்டு தெய்வங்கள் விட்டுட்டுப் போன தங்க முக்கோணம் மூண்டு இருக்கு, தைரியம், ஞானம், பலம். லிங்குக்குத் தைரியம், செல்டாக்கு ஞானம், கெனன்டோர்ஃபுக்குப் பலம். இவ்வளவும் தெரிஞ்சா பொடியனோட கதைக்கத் தொடங்கலாம்.

ஒவ்வொரு கேம்லயும் வாற லிங்க் பெரும்பாலும் வேற வேற லிங்க். நூற்றாண்டுக் கணக்கில இடைவெளி விட்டு திரும்பத் திரும்பப் பிறக்கிறாங்கள், செல்டாவும் அப்பிடித்தான். 2011ல வந்த ஸ்கைவர்ட் சோர்ட் எண்ட கேம்ல காரணம் சொல்லுறாங்கள், டிமைஸ் எண்ட அசுரன் தோற்றுப் போகேக்க சாபம் போடுறான், என்ட வெறுப்பு உங்கட பரம்பரையை விடாது எண்டு. ஆனா கெனன்டோர்ஃப் கதை வேற. 1998ல வந்த ஒக்கரினா ஒஃப் டைம்ல ஹைரூலைப் பிடிக்க வாற அதே ஆள்தான், 2002 கடைசில ஜப்பான்ல வந்த விண்ட் வேக்கர்ல வயசு போய் திரும்ப வாறான். மற்ற ரெண்டு பேரும் புதுசாப் பிறந்து வர இவன் மட்டும் எல்லாத்தையும் ஞாபகம் வைச்சுக்கொண்டு இருக்கிறான்.

எனக்கு இந்த விண்ட் வேக்கர்தான் எல்லாத்திலயும் பெரிசு. என்ட மைத்துனர் லண்டனில இருந்து வரேக்க வீ யூ எண்ட பழைய நின்டெண்டோ கேம் மெஷின் ஒண்டைக் கொண்டு வந்து மகளுக்குக் குடுத்தவர், அதுக்கு 2013ல புதுப்பிச்சு விட்ட விண்ட் வேக்கரும் இருந்தது, அதிலதான் நாங்கள் தொடங்கினது. முதல் முதல் படங்காட்டேக்க கார்ட்டூன் போலக் கிடக்கு எண்டு வெளிநாட்டு ஆக்கள் கனபேர் திட்டினவையாம். எனக்கு அந்தப் பெரிய கண்தான் பிடிச்சது, லிங்க் அனேகமா வாய் திறந்து கதைக்க மாட்டான், அதால எல்லாத்தையும் கண்ணாலதான் சொல்லவேணும்.

கதை என்னெண்டா, முந்தி கெனன்டோர்ஃப் திரும்பி வரேக்க வீரன் ஒருத்தனும் வரேல்ல, சனம் தெய்வத்தைக் கும்பிட்டுது, தெய்வங்கள் நாட்டையே கடலால மூடிட்டுதுகள். தப்பின சனம் மலை உச்சிக்கு ஏறிட்டுது, அந்த உச்சிகள்தான் இப்ப தீவுகள். 2004 மார்கழி 26 காலமை கடல் உள்ளுக்கு வந்ததைப் பாத்த ஊர் இது, அந்த இடம் வரேக்க நான் கொன்ட்ரோலரை மகளிட்டக் குடுத்திட்டு கொஞ்ச நேரம் வெளிய போய் நிண்டிட்டு வந்தன், அதுக்கு மேல அதைப் பற்றி எழுத ஏலாது.

இந்த லிங்க் அவுட்செட் எண்ட சின்னத் தீவில ஆச்சியோடயும் தங்கச்சி அரிலோடயும் இருக்கிற பொடியன். அவனுக்கு ராச ரத்தமும் இல்ல, பழைய வீரன்ட பரம்பரையும் இல்ல. பழைய வீரன்ட வயசு வந்தா அந்தத் தீவில பச்சை உடுப்புப் போட்டு விடுறது வழக்கம், அவனுக்கு அது துப்பரவா விருப்பமில்ல, ஆச்சிக்காகப் போடுறான். அண்டைக்கே ஒரு பெரிய பறவை தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போகுது. சுவரில தொங்கின கேடயத்தை எடுக்க அவன் மேல ஏறினா அது அங்க இல்ல, கீழ பாத்தா ஆச்சி கையில வைச்சுக்கொண்டு நிக்கிறா. போகாத எண்டு சொல்ல வாய் வரேல்ல அவக்கு. கப்பல் வெளிக்கிடேக்க கரையில நிக்கிற ஆச்சியைப் பாத்து இவன் கை காட்டிக்கொண்டே இருக்கிறான். பேந்து ஒருக்கா ஊருக்குத் திரும்பி வந்தா ஆச்சி காய்ச்சலில அனுங்கிக்கொண்டு பேரப்பிள்ளையள்ட பேரைச் சொல்லிக்கொண்டு கிடக்கிறா. போத்தல்ல ஒரு தேவதையைப் பிடிச்சு வைச்சிருந்தாத்தான் அவவை எழுப்பலாம், எழும்பினவ செய்யிற முதல் வேலை சூப் வைச்சு அந்தப் போத்தலை நிரப்பிக் குடுக்கிறது. இதைச் செய்யாமலே கேமை முடிக்கலாம் மச்சான், கட்டாயமில்ல. என்ட மகள் அதைக் கேள்விப்பட்ட நிமிஷமே எல்லா வேலையையும் விட்டிட்டு தேவதை தேடி ஓடினவள்.

அவனைக் கடல்ல கூட்டிக்கொண்டு திரியிறது கிங் ஒஃப் ரெட் லயன்ஸ் எண்ட கதைக்கிற படகு. அங்க போ, இங்க தேடு, சிதறிக் கிடக்கிற தைரிய முக்கோணத்தின்ட எட்டுத் துண்டையும் எடு எண்டு பிள்ளையை ஓட்டி எடுக்கும். கடைசில பாத்தா அந்தப் படகுதான் மூழ்கின ஹைரூலின்ட ராசா. கடற்கொள்ளைக் கப்பலுக்குக் கப்டனா நிக்கிற டெட்ரா எண்ட பெட்டைதான் செல்டா, அவளுக்கே அது தெரியாது. ராசாவும் கெனன்டோர்ஃபும் ரெண்டு கிழவரும் கடலுக்குள்ள கிடக்கிற பழைய நாட்டை விட மனமில்லாம நிக்கினம், ரெண்டு பேருக்கும் இடையில மாட்டுப்பட்டது நேற்றுப் பிறந்த பிள்ளையள்.

கடைசில தன்ட கோபுர உச்சியில நிண்டு கெனன்டோர்ஃப் ஒரு கதை சொல்லுவான். என்ட நாடு பாலைவனம், பகல்ல அடிக்கிற காத்து எரிக்கும், ராவில அடிக்கிற காத்து குளிரால குத்தும், எதில வந்தாலும் சாவைத்தான் கொண்டு வரும், ஆனா ஹைரூலின்ட பச்சைப் புல்லுக்கு மேலால வந்த காத்து வேற ஒண்டைக் கொண்டு வந்தது, அந்தக் காத்துக்குத்தான் நான் ஆசைப்பட்டன் எண்டு. நம்மட கச்சான் போல ஒரு காத்து வருசம் முழுக்க அடிச்சா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பார், அவன்ட ஆசை பிழை எண்டு சொல்ல வாய் வராது. அவன் செய்தது பிழை, பச்சைப் பிழை, ஆனா ஆசை பிழையில்ல. வில்லனை இவ்வளவு மரியாதையா நிறுத்தி வைச்சு அவன்ட வாயால சொல்ல விட்டதுக்காகவே எழுதின ஆக்களைக் கும்பிடலாம்.

அதுக்குப் பிறகு நடக்கிறதைத்தான் நீ பொடியனோட இருந்து பாக்கவேணும். மூண்டு முக்கோணமும் ஒண்டு சேருது, தொடுற ஆளின்ட விருப்பம் நிறைவேறும், கெனன்டோர்ஃப் கையை நீட்ட முதல் ராசா வந்து தொடுறார். இவ்வளவு காலமும் தன்ட நாடு, தன்ட நாடு எண்டு நிண்ட மனுசன் கேக்கிற வரம், இந்த நாட்டை முழுசா மூழ்கடி, இந்தப் பிள்ளையளுக்கு ஒரு எதிர்காலத்தைக் குடு எண்டு. தண்ணி மழையாக் கொட்டுது, கெனன்டோர்ஃப் சிரிக்கிறான், லிங்கும் செல்டாவும் அவனோட அடிபட்டு முடிக்கினம், காத்து வீசுது எண்டு சொல்லிக்கொண்டே கல்லாப் போறான். பிள்ளையள் ராசாவையும் வரச்சொல்லிக் கேக்கினம், வாங்கோ, புது நிலம் தேடிக் கண்டுபிடிப்பம், அதை அடுத்த ஹைரூல் ஆக்குவம் எண்டு. அவர் சொல்லுறார், அது ஹைரூலா இருக்காது பிள்ளை, அது உங்கட நிலமா இருக்கும் எண்டு. லிங்க் கையை நீட்டுறான். அவர் வரேல்ல.

மச்சான், உனக்குக் கோவம் வந்தாலும் சொல்லுறன், உன்ட கடிதத்தை வாசிக்கேக்க எனக்கு இந்த ராசாதான் ஞாபகம் வந்தவர். பொடியன் அங்க வெளிநாட்டில பிறந்தவன். கோணேசர் கோயிலடியில நிண்டு கடலைப் பாத்தது நீ, அவனில்ல. நீ சொல்லச் சொல்ல அவன் எழும்பிப் போறது ஊரில வெறுப்பில இல்ல, அது அவன்ட தலையில ஏத்துற சுமையா வாறதாலதான் எண்டு நான் நினைக்கிறன். நானும் இங்க மகளுக்கு முந்தின காலம் சொல்லிச் சொல்லித்தான் வளக்கிறன், அவளுக்கு அது பிடிக்குது, ஆனா அவள் கேக்கிற நேரத்திலதான் பிடிக்குது.

இதே விஷயம் 2017 மார்ச்சில வந்த ப்ரெத் ஒஃப் த வைல்ட்லயும் கிடக்கு, அதில செல்டாவைப் பாக்க நெஞ்சு அடைக்கும். அவளுக்கு விருப்பம் பழைய காலத்து மெஷினுகளை ஆராயிறது. தாய் சின்னனிலயே செத்திட்டா, வம்சத்துச் சக்தியை எழுப்பச் சொல்லிக் குடுக்க ஆளில்ல. தகப்பன் ராசா அதெல்லாத்தையும் விட்டிட்டுப் போய்க் கும்பிடு எண்டு ஒரே ஏச்சு. ராவில ஊத்துத் தண்ணிக்குள்ள வெள்ளை உடுப்போட நிண்டு, எனக்கு என்ன குறை, சொல்லுங்கோ எண்டு தெய்வத்தைக் கேட்டு அழுவாள், லிங்க் காவலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிப்பான், திரும்பிப் பாக்க மாட்டான். அவன் ஏன் கதைக்கிறதில்ல எண்டு அவள்ட டயரில எழுதியிருக்கு, எல்லாற்ற கண்ணும் தன்னில இருக்கிறதால எல்லாத்தையும் சத்தமில்லாம சுமக்கவேணும் எண்டு நினைக்கிறானாம். அதுவும் பிள்ளையின்ட தலையில ஏத்தினதுதான். தகப்பன்ட டயரியும் பாழடைஞ்ச கோட்டைக்குள்ள கிடக்கு, அதில அவர் எழுதி வைச்சிருக்கிறார், மகள் மலையால திரும்பி வந்தோடன மனம் திறந்து கதைக்கப்போறன், விரும்பினபடி ஆராயச்சொல்லப் போறன் எண்டு. அண்டைக்கு அவளுக்குப் பதினேழாவது பிறந்தநாள், அவள் மலையால இறங்கி வரேக்கயே பேரழிவு தொடங்கிட்டுது. அவர் அதை அவளுக்குச் சொல்லவே இல்ல. பேந்து லிங்க் நூறு வருசம் நித்திரை, அவள் நூறு வருசம் தனிய கோட்டைக்குள்ள கெனனைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறாள்.

2023ல வந்த டியர்ஸ் ஒஃப் த கிங்டம்ல அவள் இன்னும் பெரிய வேலை செய்வாள், அதைச் சொன்னா பொடியனுக்கு என்னில கோவம் வரும், அவனே சொல்லட்டும். 2024 செப்டெம்பர்ல வந்த எக்கோஸ் ஒஃப் விஸ்டம்லதான் நின்டெண்டோ தான் செய்த ஒரு முழுக் கேமையும் செல்டாவா விளையாட விட்டது, இயக்கினவையில ஒராள் தொமொமி சானோ எண்ட பெண், இந்தத் தொடரில முதல் பெண் இயக்குநர். பேர் அவள்ட பேர், அவளா விளையாட 38 வருசம் பிந்திட்டுது, என்ட மகளுக்கு அதில சரியான கோவம், எனக்கும்தான்.

இப்ப நீ செய்யவேண்டியது, பொடியனிட்டப் போய், விண்ட் வேக்கர்ல அந்த ராசா பிள்ளையளோட போயிருக்கலாமா எண்டு கேள், அவன் சொல்லுறதை முழுக்கக் கேட்டிட்டு எனக்கு எழுது. மகள் சொல்லுறாள் போயிருக்கத்தான் வேணும், ஏனெண்டா கடைசில லிங்க் அதே படகிலதான் போறான், ஆனா படகு இப்ப கதைக்காது, வழி சொல்ல ஆளில்ல எண்டு. நான் சொல்லுறன் அவர் போகாததுதான் சரி எண்டு. வீட்டில இது இன்னும் முடியேல்ல, அவன்ட பதில் ஆற்ற பக்கம் எண்டு மகள் பாத்துக்கொண்டு இருக்கிறாள்.

ஓகஸ்ட் லீவுக்கு வாறது எண்டா இப்பவே டிக்கெட் போடு, வாடைக்கு முதல் வந்தாத்தான் கடல் அமைதியா இருக்கும், புறாத்தீவுக்குப் போட் பிடிக்கலாம். வீட்டில எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

அன்போட,
உன்ட பழைய கூட்டாளி

பி.கு: வீ யூ கேம்பேட்டுக்கு பட்டரி இங்க எங்கயும் எடுக்கேலாமக் கிடக்கு, அங்க கிடைச்சா ஒண்டு வாங்கி வை, காசு நான் தாறன்.