படலையைப் பூட்டிவிட்டு ஓடப் பழக்கியவர்களுக்கு

அன்புக்குரியவர்களுக்கு,

உங்களில் ஒருவருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. மனநோய் என்ற சொல்லோடு ஒரு பெயர் சேர்ந்தால் எங்கள் ஊரில் அது கலியாணப் பேச்சு வரைக்கும் போய் நிற்கும். ஆனால் வாசிக்கும்போது, இது தனக்குத்தான் என்று உங்கள் ஒவ்வொருவருக்கும் விளங்கும். நன்றியை நேரில் வந்து சொல்லாமல் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கிணற்றடியில் நின்று கை கழுவி முடிக்க முடியாமல் அழும் பிள்ளைகள் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் இது பட வேண்டும்.

எனக்கு ஓசிடி, ஒரே நினைப்பும் ஒரே செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோய். அதோடு பதகளிப்பும், அதாவது அளவுமீறிய பதற்றமும். வேண்டாத ஒரு நினைப்பு வரும்: படலை பூட்டவில்லை, கேஸ் திறந்தபடி கிடக்கிறது, என் கையில் பட்ட அழுக்கால் அம்மாவுக்கு ஏதோ ஆகப்போகிறது. அந்தப் பயத்தை அடக்கத் திரும்பப் போய்ப் பார்ப்பேன், திரும்பக் கழுவுவேன். கொஞ்ச நேரம் ஆறுதலாக இருக்கும். பிறகு அதே நினைப்பு முன்னையை விடப் பலமாக வரும். பூட்டியிருக்கிறது என்று அறிவுக்குத் தெரியும். தெரிந்தும் கால் திரும்பும்.

எங்கள் வீடுகளில் இதை நோய் என்று கண்டுபிடிப்பது லேசில்லை. துடக்கு பார்த்து, வெளியே போய் வந்தால் கால் கழுவி உள்ளே வரும் வீட்டில், அதிகமாகக் கழுவுகிறவளைத் துப்பரவான பிள்ளை என்றுதான் மெச்சுவார்கள். 2020 இல் கொரோனா வந்தபோது நாடே கை கழுவியது. நான் கழுவியது ஒருவர் கண்ணிலும் படவில்லை. 2021 கடைசியில் நாட்டின் பல இடங்களில் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்தி அடுத்தடுத்து வந்தது. அதற்குப் பிறகு குசினியை விட்டு வெளியே வருவதே எனக்குப் பெரும்பாடாகிப் போனது. வேலைக்குப் போவதை நிறுத்தினேன்.

அக்கா, முதல் நன்றி உனக்கு. பேய் பிசாசு என்றும், கலியாணம் கட்டி வைத்தால் சரியாகும் என்றும் ஆளுக்கொன்று சொன்ன நேரத்தில், நீ ஒருவரோடும் வாதாடவில்லை. சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் மனநலக் கிளினிக் வாங்கிலில் என் பக்கத்தில் இருந்தாய். தெரிந்தவர்கள் கண்டு “என்ன இஞ்சாலை?” என்று கேட்டபோது, “தங்கச்சிக்கு மருந்து எடுக்க வந்தனாங்கள்” என்று தலை நிமிர்ந்து சொன்னாய். அந்த ஒரு வசனத்துக்கு உனக்கு நான் என்ன செய்தாலும் காணாது.

டொக்டர், இது என் குணம் இல்லை, நோய் என்று முதலில் சொன்னவர் நீங்கள். ஓசிடிக்குத் தரும் குளிசை வேலை செய்ய 10, 12 கிழமை வரைக்கும் எடுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால், நான் மூன்றாம் கிழமையிலேயே விட்டிருப்பேன். 2022 இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு. அப்போது என் குளிசைக்காகக் கடை கடையாகத் தொலைபேசி எடுத்து விசாரித்து, கிடைத்ததை எடுத்து வைத்துத் தந்த மருந்துக்கடை அண்ணையையும் இந்த இடத்தில் கும்பிடுகிறேன். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உளவளத்துணை மிஸ், நீங்கள் தந்த பயிற்சிதான் எல்லாவற்றிலும் கடினமானது. பயத்தைத் தரும் விடயத்துக்குக் கிட்டப் போக வேண்டும். போனபின், வழமையாகச் செய்யும் செயலைச் செய்யாமல் இருக்க வேண்டும். என் பயங்களைச் சின்னதிலிருந்து பெரிதுக்கு ஒரு ஏணியாக எழுத வைத்தீர்கள். படலைக் கொளுக்கியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பது கீழ்ப்படி. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிவீதி மணலில் அத்தனை சனத்தோடு வெறுங்காலுடன் நடந்துவிட்டு, கால் கழுவாமல் வீட்டுக்கு வந்து கட்டிலில் ஏறுவது மேல்படி. பக்கத்தில் நீங்கள் நடந்தீர்கள். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், நான் ஒன்றும் செய்யாமலே இறங்கும் என்று சொன்னீர்கள். இறங்கியது. 1966 இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளர்களோடு இந்த வழியைப் பரீட்சித்து எழுதி வைத்தார் என்றும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அந்த முகம் தெரியாத மனிதருக்கும், பெயர் தெரியாத அந்த இரண்டு பேருக்கும் கொக்குவிலில் இருந்து என் நன்றி போகட்டும்.

இனி சேர். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் சேர். பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்கும் நடைக்கும் திரும்பிய அந்த 2022 இல், விடிய வெள்ளென எங்கள் வீட்டைத் தாண்டி ஓடுவீர்கள். நான் படலையடியில் பூட்டைப் பிடித்தபடி நிற்பதைப் பல நாள் கண்டிருக்கிறீர்கள். ஒரு நாள் நின்று, “பிள்ளை, பூட்டினது காணும். என்னோடை அந்த முடக்கு மட்டும் வாரும்” என்றீர்கள். ஏன் என்று கேட்கவில்லை, புத்தி சொல்லவில்லை.

சேரோடு ஓடலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் சம்மதித்தார், ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். பதகளிப்பைக் குறைக்க உடற்பயிற்சி உதவும் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஓசிடியில் செய்த ஆய்வுகள் சிறியவை. ஆகவே ஓட்டம் துணைக்குத்தான்; குளிசையையும் பயிற்சியையும் விடக்கூடாது. இதை வாசிக்கும் ஒருவரும் சப்பாத்தை வாங்கிக்கொண்டு கிளினிக்கை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அதற்கே நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு வாங்கியது, உள்ளங்கை வியர்த்தது. பதகளிப்பு வரும்போது வருவதும் இதேதான். அப்போது செத்துவிடுவேன் என்று நினைத்துத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீதியில் சேரோடு அதே படபடப்பு வந்தது, கொஞ்சம் நடந்தோம், அடங்கியது. வேகமாய் அடிக்கும் நெஞ்சு ஆபத்து இல்லை என்பதை டொக்டர் எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். என் உடம்பு அதை நம்பத் தொடங்கியது காங்கேசன்துறை வீதியில்தான்.

முதல் இருநூறு மீற்றர்தான் எப்போதும் கஷ்டம். “பூட்டினேனா?” என்ற நினைப்பு பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். அதைத் துரத்த வேண்டாம், அது பாட்டுக்குக் கூட ஓடி வரட்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். ஒரு முறை பூட்டு, ஓடு. திரும்பிப் பார்க்கும் வேலை இல்லை. இது மிஸ் தந்த பயிற்சியேதான், வீதியில் செய்தோம். சில நாள் கோட்டைக்குப் பக்கத்துப் பண்ணைப் பாலம் வரைக்கும் அந்த நினைப்பு கூடவே வந்தது. வந்தாலும் நான் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஓட்டத்துக்குள்ளும் இந்த நோய் நுழையப் பார்த்தது. காலடியை எண்ணத் தொடங்கினேன். கைபேசியில் சரியாக ஐந்து கிலோமீற்றர் காட்டாவிட்டால் வீட்டு முற்றத்தைச் சுற்றியாவது நிரப்ப வேண்டும் என்ற நெருக்குதல் வந்தது. இதை ஓட்டக்காரரின் ஒழுக்கம் என்று பாராட்ட எத்தனையோ பேர் இருந்தார்கள். சேர்தான் கண்டுபிடித்தார். மிஸ்ஸோடு கதைத்துவிட்டு, 4.7 இல் நிற்பாட்டச் சொன்னார். அடுத்த முறை 3.9. பிறகு கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். ஓடுகிறவர்களில் எண்ணிக்கை தவறினால் நாளே குழம்பிப்போகும் ஆட்கள் இருந்தால், தயவுசெய்து அதைப் பெருமையாக எடுக்காதீர்கள். உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பண்ணைப் பாலத்தைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் நீரேரி, இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நிற்கும் ஆட்கள், பின்னால் கோட்டை, முன்னால் மண்டைதீவு. சோளகக் காற்றுக் காலத்தில் அந்தப் பாலத்தில் ஓடுவது லேசான வேலை இல்லை. உப்புக் காற்று முகத்தில் அறையும். மாரியில் வீதியோர வெள்ளம் காலெல்லாம் தெறிக்கும். முன்பு அந்தச் சேற்றுத் தண்ணீர் ஒரு துளி பட்டிருந்தால் அன்று முழுக்கக் கிணற்றடிதான். இப்போது அது காலிலேயே காய்கிறது.

பெண் பிள்ளை விடியற்காலையில் வீதியில் ஓடுவது எங்கள் ஊரில் இன்னும் எல்லாருக்கும் பிடித்த காட்சி இல்லை. அதனால்தான் இந்தச் சின்னச் சின்ன உதவிகள் எனக்குப் பெரிது. கட்டாக்காலி நாய்களைத் தடியெடுத்து அதட்டி வைத்துக்கொண்டு நான் கடக்கும்வரை நின்ற தேத்தண்ணிக்கடை ஐயா. மார்கழி இருட்டில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கை ஒழுங்கையாகப் போன பொடியன்கள். நீங்கள் இருந்ததால் அந்தப் பத்து நாளும் நான் இருட்டுக்குப் பயப்படவில்லை. “உதென்ன ஓட்டம்?” என்று முதலில் முகம் சுளித்துவிட்டு, பிறகு தன் மகளையும் என்னோடு அனுப்பிய முன்வீட்டு அன்ரி. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023 இல் தன் 72 வயதில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் ஓடித் தங்கப்பதக்கம் வென்று வந்த செய்தியை வெட்டி, எங்கள் படலையில் செருகிவிட்டுப் போனது யாரென்று இன்றுவரை தெரியாது. அவருக்கும் நன்றி.

அம்மா, உங்களைக் கடைசியாக வைத்தது வேண்டுமென்றுதான். “பூட்டிட்டேனா அம்மா?” என்று நான் கேட்கும் ஒவ்வொரு முறையும் “ஓம் குஞ்சு, பூட்டிட்டாய்” என்று அன்பாகச் சொல்லி வந்தீர்கள். அந்தப் பதில்தான் நோய்க்குச் சாப்பாடு என்று மிஸ் விளங்கப்படுத்தியபோது உங்கள் முகம் வாடியது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் அழுது கெஞ்சியும், “அதுக்கு நான் மறுமொழி சொல்லமாட்டன் பிள்ளை, ஆனால் பக்கத்திலை இருப்பன்” என்று சொல்லிக்கொண்டு இருந்தீர்கள். என் பயிற்சியை விட உங்கள் பயிற்சி கஷ்டம். ஒரு தாய்க்கு அது எவ்வளவு வலி என்று இந்தப் பொதுவெளியில் நான் சொல்லத்தான் வேண்டும்.

நினைப்பு இன்னும் வருகிறது. வேலைக்குப் போகிறேன். குளிசை எடுக்கிறேன், குறைப்பதும் விடுவதும் டொக்டரின் முடிவு.

இதை வாசித்துவிட்டு, இது என் கதை என்று நினைக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு: 1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். அரச வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் காசு வாங்குவதில்லை. கிளினிக்குக்குத் தனியே போகப் பயம் என்றால் துணைக்கு வர அக்காவும் நானும் தயார். ஓட விருப்பம் என்றால் ஞாயிறு விடிய ஐந்தரைக்குப் பண்ணையில் பாலம் தொடங்கும் இடத்தில் நிற்போம். சேரிடம் கேட்டுவிட்டேன், சப்பாத்து இல்லாவிட்டாலும் வரட்டாம்.

நன்றியுடன்,
கொக்குவிலில் இருந்து ஒருத்தி